கியர் சைக்கிள் ‘கர கர’ என்கிறதா? விற்பதற்கு முன் அரைச் சுற்று திருகிப் பாருங்கள்!



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு எழுதி, கடன் தவணை வாங்கி, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுகிற நேரம். ஒரு அக்கா தயங்கித் தயங்கி எழுந்தார். “மகளுக்கு வாங்கின சைக்கிளை வித்துடலாம்னு இருக்கேன். வர்ற காசை அசல்ல கழிச்சுக்குங்க. மீதியை மாசாமாசம் கட்டிடறேன்” என்றார்.

அந்த சைக்கிள் நம் சங்கக் கடனில் வாங்கியது. 3,500 ரூபாய், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. செகண்ட் ஹேண்ட் கியர் சைக்கிள். மகள் 6 கிலோமீட்டர் தள்ளி ஐ.டி.ஐ.யில் படிக்கிறாள். வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. முதல் மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் ‘கர கர’ என்று சத்தம். கியர் மாற்றினால் உடனே விழாது. நாலு மிதி மிதித்த பிறகு திடீரென்று ‘டடக்’ என்று தாவும். ஒருநாள் ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில், பின்னால் லாரி வரும்போது செயின் தாவி, பெடல் வழுக்கி, பிள்ளை ரோட்டோரம் விழப் பார்த்தாள். அன்றோடு சைக்கிளைத் தொடவில்லை. போக 20, வர 20 என்று ஷேர் ஆட்டோவில் போகிறாள். மாதம் 22 நாள் என்றால் 880 ரூபாய்! கடைக்காரரிடம் கேட்டதற்கு, “செட்டையே மாத்தணும், 1,400 ஆகும்” என்றாராம்.

பெண்களுக்கு 2021 முதல் டவுன் பஸ் இலவசம்தானே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அந்த ஊருக்குக் காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். மாலை பஸ் வகுப்பு முடிவதற்கு முன்பே போய்விடுகிறது. “இன்னும் ரெண்டு மாசம் இப்படிப் போனா படிப்பை நிறுத்திடுவேன், என்னால முடியலைங்க மேடம்” என்று அந்த அக்கா சொன்னபோது கூட்டத்தில் யாரும் பேசவில்லை.

கூட்டம் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய் சைக்கிளைப் பார்த்தேன். பெடலைக் கையால் சுற்றி, கியர் போட்டுக் கேட்டேன். பின்பக்கம் இருக்கிற ஒரு சின்ன உருளையை விரலால் அரைச் சுற்று திருகினேன். மறுபடி கால் சுற்று. சத்தம் நின்றது. செலவு ஒன்றுமில்லை. ஸ்பானர்கூட எடுக்கவில்லை. அதைத்தான் இந்தப் பாடத்தில் உங்களுக்குச் சொல்லித்தரப் போகிறேன். நான் சொதப்பிய கதையும் வரும்.

கியர் எப்படி வேலை செய்கிறது?

அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்பில் கொடுக்கும் விலையில்லா சைக்கிளில் கியர் கிடையாது. பின்னால் ஒரே ஒரு பல் சக்கரம்தான். கியர் சைக்கிளில் பெரும்பாலும் ஏழு பல் சக்கரங்கள், அடுக்குத் தட்டு மாதிரி பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாக இருக்கும். பெரிய சக்கரம் உள்பக்கம், கம்பிகளை (ஸ்போக்ஸ்) ஒட்டி இருக்கும். அது ஏற்றத்துக்கு. சின்னச் சக்கரம் வெளிப்பக்கம் இருக்கும். அது சமதளத்தில் வேகமாகப் போக. லீவரில் 1 என்றால் பெரிய சக்கரம், 7 என்றால் மிகச் சின்னது.

பின் சக்கரத்தின் வலப்பக்கம், செயினைத் தாங்கிக்கொண்டு ஒரு கை தொங்குகிறதே, அதுதான் செயினை ஒரு சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுகிறது. கடையில் ‘டீரெய்லர்’ என்பார்கள். நாம் கியர்க் கை என்று வைத்துக்கொள்வோம். அதில் இரண்டு குட்டிப் பல் சக்கரங்கள் மேலும் கீழுமாக இருக்கும்.

இந்தக் கையை இரண்டு பேர் இழுக்கிறார்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அது எப்போதும் வெளிப்பக்கம், சின்னச் சக்கரத்துப் பக்கம் இழுக்கும். ஹாண்டில்பார் லீவரிலிருந்து வரும் இரும்பு ஒயர் உள்பக்கம், பெரிய சக்கரத்துப் பக்கம் இழுக்கும். லீவரை ஒரு ‘கிளிக்’ போட்டால் ஒயர் கொஞ்சூண்டு இழுபடும், கை ஒரு சக்கரம் தள்ளி நகரும். அவ்வளவுதான் சூட்சுமம்.

ஏழு சக்கரக் கியரில் ஒரு சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே தூரம் 5 மில்லிமீட்டர்தான். சாதாரணமாக வரும் ஷிமானோ கியர்களில் ஒயர் 1 மி.மீ. தளர்ந்தால் செயின் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மி.மீ. விலகிவிடும். அதாவது செயின் இந்தச் சக்கரத்திலும் இல்லாமல் அந்தச் சக்கரத்திலும் இல்லாமல் நடுவில் நின்று உரசும். நாம் கேட்கும் ‘கர கர’ அந்த உரசல்தான்.

ஒயர் ஏன் தளர்கிறது? புதுக் கொடிக்கயிறு கட்டி நாலு நாள் ஈரத்துணி போட்டால் தொய்கிறதல்லவா, அதே மாதிரிதான். புது ஒயர் போட்ட முதல் சில வாரங்களில் ஒயரும், அதன் மேல் இருக்கும் கறுப்பு உறையும் இழுபட்டு இழுபட்டுப் படிந்து உட்காரும். கொஞ்சம் தளர்வு வந்தே தீரும். அது பழுது இல்லை. அந்த அக்காவுக்கு விற்றபோது கடையில் புது ஒயர் போட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மாதம் கழித்து ஒருமுறை இறுக்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

(ஒரு கொசுறு: இப்படி ‘கிளிக்’ என்று சரியாக விழுகிற கியரை ஜப்பானின் ஷிமானோ கம்பெனி 1984-இல் கொண்டுவந்தது. அதற்கு முன்பு பெரும்பாலான கியர் சைக்கிள்களில் ஓட்டுபவர்தான் செயின் சத்தத்தைக் காதால் கேட்டு லீவரை இம்மி இம்மியாக நகர்த்த வேண்டும். ஆக, காதால் கேட்டு சரிசெய்வது ஒன்றும் புது வித்தை இல்லை.)

திருகும் முன்

சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். துப்பட்டா இருந்தால் கட்டிக்கொள்ளுங்கள். சடையை முன்னால் விடாதீர்கள். செயினுக்கும் பல்லுக்கும் நடுவில் விரல் போனால் நசுங்கிவிடும். சின்னப் பிள்ளைகள் பெடலைச் சுற்ற ஆசைப்பட்டு ஓடிவரும், தள்ளி உட்காரவையுங்கள். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பின் சக்கரம் தரையில் படாமல் இருக்க வேண்டும். சீட்டுக்குக் கீழே கயிறு போட்டு வாசல் உத்திரத்திலோ வேப்பங்கிளையிலோ தூக்கிக் கட்டலாம். இல்லாவிட்டால் ஒருவர் சீட்டைப் பிடித்துத் தூக்க, இன்னொருவர் வேலை பார்க்கலாம். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தால் எந்தப் பக்கம் திருகுகிறோம் என்று குழம்பிப்போகும், அதனால் நேராகவே இருக்கட்டும்.

அழுக்குச் செயினை வைத்துக்கொண்டு கியரைத் திருகிப் பிரயோஜனம் இல்லை. பழைய துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு, செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாகச் சுற்றித் துடையுங்கள். காய்ந்ததும் கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய். தையல் மிஷின் எண்ணெய் போதும், நம் தையல் குழுக்காரர்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாளாக நாளாகப் பிசின் மாதிரி ஆகி மண்ணை ஒட்டவைக்கும். போட்ட பிறகு மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் கண்ணிக்குள்ளே இருந்தால் போதும், வெளியே பளபளவென்று இருந்தால் அது தூசிக்குத்தான் விருந்து.

இனி வேலை

கியர்க் கையின் பின்பக்கம் பாருங்கள். கறுப்பு உறை வந்து சேரும் இடத்தில் விரலால் திருகும்படி ஒரு சின்ன உருளை இருக்கும். சில சைக்கிளில் அது ஹாண்டில்பாரில் லீவர் பக்கத்தில் இருக்கும். அதுதான் நம் மருந்து.

ஒன்றை மட்டும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டில் மூடியைத் திறக்கிற பக்கம் திருகினால் உருளை வெளியே வரும், ஒயர் இறுகும். மூடுகிற பக்கம் திருகினால் ஒயர் தளரும். எல்லாரும் இங்கேதான் தடுமாறுவார்கள். “இறுக்கணும்னா மூடற பக்கம்தானே?” என்று கை தானாகவே போகும். நானும் முதல் தடவை தலைகீழாகத்தான் திருகினேன்.

லீவரை 7-இல் வையுங்கள். முன்பக்கம் மூன்று சக்கரம் இருந்தால் நடுவில் இருக்கட்டும். பெடலைக் கையால் முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டே லீவரை ஒரு கிளிக் மாற்றி 6-க்கு வாருங்கள். செயின் அடுத்த சக்கரத்தில் ஏறியதா?

ஏறவில்லை, அல்லது யோசித்து யோசித்து ஏறுகிறது என்றால் ஒயர் தளர்வு. திறக்கிற பக்கம் அரைச் சுற்று. மறுபடி 7-க்குப் போய் 6-க்கு வந்து பாருங்கள். இன்னும் தாமதமா? இன்னொரு அரைச் சுற்று.

ஒரு கிளிக்குக்கு இரண்டு சக்கரம் தாவினால், அல்லது அடுத்த பெரிய சக்கரத்தில் உரசினால் ஒயர் அதிக இறுக்கம். மூடுகிற பக்கம் கால் சுற்று.

6 சரியானதும் 5, 4, 3 என்று ஒவ்வொன்றாக ஏறி, திரும்ப இறங்கிப் பாருங்கள். கடைசியில் வருவது காது வேலை. மூன்றிலோ நாலிலோ லேசாக உரசல் கேட்டால் கால் சுற்று மட்டும் இப்படியோ அப்படியோ திருகினால் சத்தம் நின்றுவிடும். அவசரப்பட்டு நாலைந்து சுற்று ஒரேயடியாகத் திருகினால் எங்கே ஆரம்பித்தோம் என்றே தெரியாது. ஒரு தடவைக்கு அரைச் சுற்று, அதற்கு மேல் வேண்டாம்.

உருளை கழன்று வரும் அளவுக்கு வெளியே வந்தும் செயின் ஏறவில்லையா? ஒயர் ரொம்பத் தொய்ந்திருக்கிறது. உருளையை முழுக்க உள்ளே திருகி, லீவரை 7-இல் வைத்து, கியர்க் கையில் ஒயரைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி, ஒயரைக் கையால் இழுத்துப் பிடித்து நட்டை முறுக்குங்கள். பிறகு முதலிலிருந்து வாருங்கள்.

இன்னொரு நோயும் உண்டு. பெரிய சக்கரத்துக்கு நன்றாக ஏறுகிறது, ஆனால் சின்னச் சக்கரத்துக்கு இறங்க மறுக்கிறது. ஒயர் இறுக்கமாக இருக்கலாம், மூடுகிற பக்கம் திருகிப் பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் உறைக்குள் துருவும் மண்ணும் அடைத்திருக்கும். மழையில் வெளியே நிற்கும் சைக்கிளுக்கு இது அடிக்கடி வரும். ஸ்பிரிங் பாவம், ஒயரை அதால் இழுக்க முடியாது. எண்ணெய் விட்டுப் பார்த்து முடியாவிட்டால் ஒயர், உறை இரண்டையும் மாற்றுங்கள். கடையில் ‘இன்னர், அவுட்டர்’ என்று கேளுங்கள். செட்டையே மாற்றுவதற்கும் இதற்கும் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

நான் சொதப்பிய கதை

முதல் சைக்கிள் சரியானதும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. அதே தெருவில் இன்னொரு உறுப்பினர், “என் பையன் சைக்கிளும் அப்படித்தான் கத்துது, பாருங்க மேடம்” என்றார். திருகினேன். நடுக் கியர்கள் அமைதியாகிவிட்டன. “சரியாயிடுச்சு, ஓட்டுப்பா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். 1-ஆம் கியரில் போட்டுப் பார்க்கவே இல்லை.

அன்று சாயந்திரம் அந்தப் பையன் ஏரிக்கரை ஏற்றத்தில் 1-ஆம் கியர் போட்டிருக்கிறான். கியர்க் கை பின் சக்கரக் கம்பிகளுக்குள் போய் மாட்டிக்கொண்டு சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. விழுந்ததில் முட்டியில் சிராய்ப்பு, மூன்று கம்பி அறுந்துபோனது. அதோடு போனது நல்லகாலம். கம்பிச் செலவை நான் கொடுத்தேன். அந்த அக்கா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

என்ன நடந்தது என்று பிறகு கடைக்காரர் காட்டினார். ஸ்டாண்டு போட்டுப் புல்லுக்கட்டு ஏற்றும்போது சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து விழுந்திருக்கிறது. கியர்க் கை மாட்டியிருக்கும் இரும்புக் காது உள்பக்கம் வளைந்துவிட்டது. வளைந்த காதை வைத்துக்கொண்டு எவ்வளவு திருகினாலும் ஒரு கியர் சரியானால் இன்னொன்று கெடும்.

ஆகவே திருகும் முன் இதைப் பாருங்கள். சைக்கிளுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கியர்க் கையின் இரண்டு குட்டிச் சக்கரங்களையும், அவற்றுக்கு மேலே செயின் ஓடும் பல் சக்கரத்தையும் ஒரே பார்வையில் பாருங்கள். மூன்றும் தூக்குக்குண்டு விட்டதுபோல் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கீழ்ச் சக்கரம் கம்பிகளின் பக்கம் சாய்ந்திருந்தால் காது வளைந்திருக்கிறது. அதைத் திருகாதீர்கள், ஓட்டவும் வேண்டாம், தள்ளிக்கொண்டே கடைக்குப் போங்கள். அங்கே காதை நிமிர்த்தித் தருவார்கள். சுத்தியலால் தட்டி நிமிர்த்த நாமே இறங்கினால் உடைந்துவிடும்.

கியர்க் கையில் H, L என்று எழுதிய இரண்டு சின்ன ஸ்க்ரூக்கள் இருக்கும். அவை வேலிக்கல் மாதிரி. H, சின்னச் சக்கரத்தைத் தாண்டி செயின் வெளியே விழாமல் தடுக்கும். L, பெரிய சக்கரத்தைத் தாண்டிக் கம்பிக்குள் போகாமல் தடுக்கும். சத்தத்துக்கும் இவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. தெரியாமல் L-ஐத் தளர்த்தினால் உயிருக்கே ஆபத்து. தொடாதீர்கள்.

எப்படிச் சரிசெய்தாலும், சைக்கிள் தூக்கிக் கட்டியிருக்கும்போதே 1 முதல் 7 வரை எல்லா கியரையும் போட்டுப் பார்த்த பிறகுதான் பிள்ளை கையில் கொடுக்க வேண்டும். முதல் ஓட்டம் தெருவுக்குள்ளேயே இருக்கட்டும்.

செயின் தேய்ந்திருந்தால்

சத்தம் இல்லை, கியரும் சரியாக விழுகிறது, ஆனால் அழுத்தி மிதித்தால் மட்டும் செயின் பல்லின் மேல் வழுக்குகிறது. இதற்கு ஒயர் காரணம் இல்லை, தேய்மானம். பிள்ளைகளின் 30 சென்டிமீட்டர் ஸ்கேலில் மறுபக்கம் இஞ்ச் இருக்கும். செயினை இழுத்துப் பிடித்து ஒரு ஆணியின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். நல்ல செயினில் 12 இஞ்ச் கோடு சரியாக இன்னொரு ஆணியின் நடுவில் விழும். அந்த ஆணி கோட்டைத் தாண்டி ஒரு இஞ்ச்சில் 16-இல் ஒரு பங்கு போயிருந்தால் செயினை மாற்றும் நேரம். 8-இல் ஒரு பங்கு போயிருந்தால் பின் பல் சக்கரங்களும் தேய்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அதாவது செயினை முதலிலேயே மாற்றினால் பல் சக்கரச் செலவு மிச்சம். செகண்ட் ஹேண்ட் சைக்கிள் வாங்கும்போதே ஸ்கேலைக் கையோடு கொண்டுபோய் அளந்து பேரம் பேசுங்கள்! கடன் மனு வரும்போது ஊக்குநர்களும் இதைக் கேட்கலாம்.

ஓட்டும்போது

நிற்கிற சைக்கிளில் லீவரை மாற்றாதீர்கள். ஓடும்போது, லேசாக மிதித்துக்கொண்டே மாற்ற வேண்டும். ஏற்றத்தின் நடுவில் மூச்சைப் பிடித்து அழுத்தும்போது மாற்றினால் நல்ல கியரும் ‘டடக்’ என்றுதான் விழும். பாலம் கண்ணில் பட்டதுமே மாற்றிவிட வேண்டும். முன்னால் பெரிய சக்கரம் பின்னாலும் பெரிய சக்கரம், அல்லது முன்னால் சின்னது பின்னாலும் சின்னது என்று போடக் கூடாது. செயின் கோணலாக இழுபட்டு உரசும். முன்பக்கத்துச் சத்தம் பாதி இதனால்தான். கீழே படுக்கவைக்க வேண்டி வந்தால் இடப்பக்கமாகப் படுக்கவையுங்கள்.

1991 வாக்கில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எடுத்த முயற்சியால் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அந்த நாளில் பெண் சைக்கிளில் போனால் கேலி பேசியவர்கள் உண்டு. இன்று யாரும் பேசுவதில்லை. ஆனால் ஸ்பானரை எடுத்தால் இன்றும், “உனக்கெதுக்கும்மா இது, அண்ணன் வரட்டும்” என்கிறார்கள். அண்ணன் வருகிற வரைக்கும் பிள்ளை 40 ரூபாய் ஆட்டோவில் போக வேண்டியிருக்கிறது.

அந்த ஐ.டி.ஐ. படிக்கும் மகளை நான் விட்டுவிடவில்லை. அன்றைக்கே உருளையை வேண்டுமென்றே இரண்டு சுற்று மாற்றி வைத்து, “நீயே சரிபண்ணு” என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் தப்பான பக்கம் திருகினாள். அம்மா, “மூடி திறக்கற பக்கம்டி” என்றார். இருபது நிமிடத்தில் சத்தம் நின்றது. இந்த மாதக் கூட்டத்துக்கு மூன்று கியர் சைக்கிள் வந்திருந்தது. நான் வேப்பமரத்தில் கயிறு கட்டிவிட்டுத் திரும்புவதற்குள் அவள் ஒன்றின் முன்னால் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த பாட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “அவசரப்பட்டுத் திருகாதீங்க அம்மாச்சி. மொதல்ல பின்னாடி உக்காந்து காது வளைஞ்சிருக்கான்னு பாருங்க.”